அப்ரூவல் இருக்கிறது, கட்டடம் நிற்குமா?

வாசகர் கேள்விகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் பதில்

கேள்வி: ஆவடிப் பக்கம் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டப் போகிறோம். சுயசான்று முறையில் அனுமதி உடனே கிடைத்துவிட்டது. மண் பரிசோதனை பற்றிக் கேட்டால், “பக்கத்து வீட்டுக்கு அஞ்சடி போட்டோம், அதே போதும்மா” என்கிறார் மேஸ்திரி. அரசே அனுமதி கொடுத்த பிறகு தனியாக இன்ஜினீயர் வைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, ஆவடி

பதில்: வேண்டும். அதுவும் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுவதற்கு முன்பே வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் அனுமதி எதைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது? மனை யாருடையது, முன்னால் இருக்கும் சாலை எத்தனை அடி, நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், மொத்தப் பரப்பு எவ்வளவு, உயரம் எவ்வளவு. சிறிய வீடுகளைப் பொறுத்தவரை வரைபட அனுமதி ஏறக்குறைய இவற்றோடு முடிந்துவிடுகிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுபவர்களுக்கு இணையத்திலேயே அனுமதி வந்துவிடுகிறது. அலுவலகப் படியேறி அலுத்துப்போன குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. நானும் வரவேற்கிறேன். ஆனால் உங்கள் மனைக்கு யாரும் வரவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை. பில்லரில் எத்தனை கம்பி என்று யாரும் கேட்கப்போவதும் இல்லை. உங்கள் வீட்டைப் போன்ற சிறிய குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை என்பதால், கட்டி முடித்த பிறகும் ஒருவரும் வர மாட்டார்கள்.

மேற்பார்வை இருந்திருக்க வேண்டிய பெரிய கட்டடத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. மழை பெய்துகொண்டிருந்தபோது, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மொத்தமாகச் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது. இடி விழுந்ததால் சரிந்தது என்று கட்டியவர்கள் தரப்பில் சொன்னார்கள். ஒழுங்காகக் கட்டிய 11 மாடி கான்கிரீட் கட்டடத்தை ஓர் இடி தரைமட்டமாக்காது. பக்கத்தில் நின்ற இணைக் கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அஸ்திவாரம் போட்டபோதும், ஒவ்வொரு தளம் ஏறியபோதும் யாராவது ஒருவர் வந்து பார்த்து “நிறுத்து” என்று சொல்லியிருக்க முடியும். அந்த ஒருவர் நம் அமைப்பில் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறாத விஷயம். இன்று உயரமான கட்டடங்களுக்குப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும் என்று விதி இருக்கிறது. தெருவுக்குத் தெரு எழும்பும் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளில் அந்த வேலையை உரிமையாளர்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்த பூமி. பக்கத்து மனை இயற்கையான கெட்டி மண்ணாக இருக்கலாம், உங்களுடையது பழைய குட்டையை மண்ணடித்து மூடிய இடமாக இருக்கலாம். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும்; அதன் மேல் ஆழமில்லாமல் நிற்கும் வீட்டின் சுவரில் மூலைவாட்டத்தில் விரிசல் ஓடும். அஞ்சடியா எட்டடியா, தனித்தனி ஃபுட்டிங் போதுமா, பைல் வேண்டுமா என்பதை மண் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஆகும் மொத்தச் செலவில் அதற்கான தொகை மிகச் சிறியது.

இன்ஜினீயரை மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ ஏற்பாடு செய்யக் கூடாது. சம்பளம் உங்களிடமிருந்து போக வேண்டும். தினமும் அவர் வரத் தேவையில்லை. குழி தோண்டி முடித்ததும் ஒரு முறை, ஃபுட்டிங் கம்பி கட்டியதும் ஒரு முறை, பில்லருக்குப் பலகை அடைப்பதற்கு முன், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன்தினம் என்று வந்தால் போதும். அவர் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் போடக் கூடாது என்பதை மேஸ்திரியுடனான ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கம்பி மேல் கான்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பதைப் பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அளவுநாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? ஃபுட்டிங்கில் 50 மில்லிமீட்டர், பில்லரில் 40, தளத்தில் 20 இடைவெளி இருக்க வேண்டும். உடைந்த ஜல்லியையும் ஓட்டுச் சில்லையும் வைத்துச் சமாளிப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லரைச் சுற்றும் ரிங்கின் முனைகள் 135 பாகை வளைந்து உள்ளே கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். வெறும் மூலைமட்டமாக மடக்கிவிட்டால், அதிர்வு வரும்போது ரிங் வாய் பிளந்துவிடும். சென்னையை 2002-லேயே நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் கம்பி கட்டுபவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்குத்தான். கலவை இளகி ஓடினால் வேலை சுலபம் என்று, மிக்சரில் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்கள். அந்த ஒரு வாளி கான்கிரீட்டின் பலத்தைக் குடித்துவிடும். தளம் போடும் நாளில் வீட்டில் ஒருவர் மிக்சர் பக்கத்திலேயே நில்லுங்கள். அன்றைய கலவையில் 150 மில்லிமீட்டர் கியூப் சில எடுத்து, 28-ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட பிறகோ தண்ணீரில் கஞ்சத்தனமே கூடாது: இப்போது பரவலாகக் கிடைக்கும் பிபிசி சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாள் நனைக்க வேண்டும். 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்க விடாதீர்கள், அடுத்த வேலைக்கு சென்ட்ரிங் சாமான் வேண்டும் என்று அவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கியவர் நான்காவது மாடியை எழுப்பிவிட்டார். புகார் கொடுத்தால், “வரன்முறை பண்ணிக்குவாங்க சார்” என்று பதில் வருகிறது. இது சரியா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: சரியில்லை. ஆனால் அப்படிச் சொல்லும் தைரியத்தை நம் சட்டம்தான் கொடுத்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-ல் 113-ஏ பிரிவைச் சேர்த்து, பணம் கட்டினால் விதிமீறலை ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அதன் கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு. ஒரு தடவை மன்னித்தால் அடுத்த தடவையும் மன்னிப்பார்கள் என்று கட்டுகிறவர்கள் கணக்குப் போடாமல் வேறு என்ன செய்வார்கள்? விதியை மதித்து இடம் விட்டுக் கட்டியவர்தான் ஏமாளியாகிறார்.

இங்கே இரண்டு ஆபத்துகள் கலந்திருக்கின்றன. இரண்டு மாடிக்குக் கணக்குப் போட்ட ஃபுட்டிங்கும் பில்லரும் நான்கு மாடியைச் சுமக்கின்றன. அபராதம் கட்டினால் பில்லர் தடிமனாகாது. அடுத்தது, பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விழுங்கியிருந்தால், தீப்பிடிக்கும்போது வண்டி உள்ளே போக முடியாது. 2017 மே 31 அன்று தி.நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்து, அணைக்க ஒரு நாளுக்கு மேல் போராடி, கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். மாநகராட்சிக்கும் உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கும் விரைவுத் தபாலில் எழுதுங்கள். அனுமதித்த வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் புகாரோடு இணையுங்கள். சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. நோட்டீஸ் வந்ததும் கட்டியவர் அரசுக்கு மேல்முறையீடு செய்வார், காலம் ஓடும். அப்போது உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தால் உங்கள் கையில் இருக்கும் இந்தக் காகிதங்கள்தான் துணை. நான்காவது மாடியில் பூச்சு வேலை முடிவதற்குள் தொடங்குங்கள். குடி வந்துவிட்டால் இடிப்பது மிகவும் கடினம்.

கேள்வி: என் தம்பி சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்கிறான். பெல்ட், ஹெல்மெட் எதுவும் தருவதில்லை. யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கொடுக்க வேண்டியது வேலை வாங்குபவரின் கடமை, தொழிலாளி சொந்தக் காசில் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பெரிய கட்டுமான இடங்களின் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அதன் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தம்பியின் பெயரைக் குறிப்பிடாமல் எந்த இடம், என்ன குறை என்று மட்டும் எழுதுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. தம்பி கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாரியத்துக்கென்று வசூலாகிறது, வாரியத்தின் பெரும்பாலான உதவிகள் கிடைப்பது பதிவு உள்ளவருக்குத்தான்.

சவுக்குச் சாரமாக இருந்தால், ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முடிச்சையும் காலையில் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் கட்டாயம். நிற்கும் பலகை இரண்டு பக்கமும் கட்டியிருக்க வேண்டும். கட்டாத பலகையில் ஏற மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உடன் வேலை செய்யும் கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்து சொன்னால் மேஸ்திரி பலகையைக் கட்டிக் கொடுப்பார்.