வாடிப்போகிற கிரீடமும் கொரிந்துவின் பந்தயச் சாலையும்

இந்த மாத வேதபாடத்திற்கு 1 கொரிந்தியர் 9:24 முதல் 27 வரை எடுத்துக்கொள்வோம். வேதத்தைத் திறந்து அந்த நான்கு வசனங்களையும் ஒரு தரம் சத்தமாய் வாசித்துவிட்டு, அப்புறம் இதைப் படியுங்கள்.

பவுல் ஏன் திடீரென்று ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார்? கொரிந்து பட்டணத்தாருக்கு அது வீட்டுச் சங்கதி. பட்டணத்திலிருந்து சில மணி நேரம் கிழக்கே நடந்தால் இஸ்த்மியா என்கிற ஊர். அங்கே கடல் தெய்வமாகிய பொசைடனுக்கு ஒரு பெரிய கோயில். 1952-ம் வருஷம் ஆஸ்கர் புரோனியர் என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கோயிலின் அஸ்திபாரத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார். கோயிலைச் சுற்றித்தான் விளையாட்டுக்கள். கிரேக்கர்களுக்குப் பெரிய பந்தயங்கள் நான்கு: ஒலிம்பியா, தெல்பி, நெமேயா, இஸ்த்மியா. ஒலிம்பியா விளையாட்டு கி.மு. 776-ல் தொடங்கியதாகக் கணக்கு. அது நாலு வருஷத்துக்கு ஒரு தரம். இஸ்த்மியாவிலோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கினார் (அப். 18:11). கல்லியோன் அதிபதியாயிருந்த காலத்தை வைத்துப் பார்த்தால், கி.பி. 51-ல் நடந்த பந்தயத்தின்போது அவர் அங்கேதான் இருந்தார் என்று பலர் கணக்கிடுகிறார்கள். வந்து குவிந்த ஜனங்களுக்குக் கூடாரம் வேண்டும். கூடாரம் பண்ணுகிறவருக்கு அந்த வருஷம் கை நிறைய வேலை இருந்திருக்கும்!

வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பாஸ்டர், கிரிக்கெட் பார்க்கலாமா?" பவுல் இங்கே அதற்குப் பதில் சொல்லவில்லை. இஸ்த்மியா விளையாட்டு முழுக்க முழுக்க விக்கிரக ஆராதனை. அதை அவர் ஒரு வார்த்தைகூடப் புகழவில்லை. ஆனால் அந்த ஓட்டக்காரன் ஒரு இலைக்காகப் பட்ட பாட்டை எடுத்து, பரலோகத்துக்குப் போகிறவன் முகத்துக்கு நேரே காட்டுகிறார்.

இலை என்று சொன்னேனே, அதைப் பாருங்கள். ஒலிம்பியாவில் காட்டு ஒலிவக் கிளை, தெல்பியில் லாரல் இலை. இஸ்த்மியாவில் பைன் மரக் கிளையும் கொடுத்தார்கள், செலரிக் கீரையும் கொடுத்தார்கள். அந்தச் செலரியும் பச்சையாக இல்லை, காய்ந்தது! தலையில் வைக்கும்போதே வாடியிருந்த கிரீடம். அதுமட்டுமா, கிரேக்கர் செலரியைக் கல்லறைகளில் வைக்கிற வழக்கமும் உண்டு. சாகக் கிடக்கிறவனைப் பார்த்து, அவனுக்கு இனிச் செலரிதான் வேண்டும் என்பார்களாம். அழிவுள்ள கிரீடம் என்றதும் கொரிந்து சபையார் கண்ணுக்கு முன்னால் எது வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சில பிரசங்கிமார், அவர்கள் வெறும் இலைக்காகவே ஓடினார்கள் என்று சொல்லுவார்கள். அது பாதி உண்மைதான். அத்தேனே பட்டணத்தில் சோலோன் போட்ட சட்டப்படி இஸ்த்மியாவில் ஜெயித்தவனுக்கு 100 திராக்மா, ஒலிம்பியாவில் ஜெயித்தவனுக்கு 500 திராக்மா. ஊருக்குப் போனால் பேரும் புகழும் பணமும் காத்திருந்தது. ஆனாலும் முதலாவது வந்தவனுக்குத்தான் கிரீடம்; இரண்டாவது வந்தவனுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுக்காக எவ்வளவு பாடு! ஒலிம்பியாவில் ஓட வருகிறவன், காட்டுப்பன்றி இறைச்சித் துண்டுகளின்மேல் சத்தியம் பண்ண வேண்டும்: பத்து மாதம் ஒழுங்காய்ப் பயிற்சி எடுத்தேன், மோசடி செய்யமாட்டேன் என்று. அவன் மட்டுமல்ல, தகப்பன், சகோதரர், பயிற்சி கொடுத்தவன், எல்லாரும் சேர்ந்து சத்தியம் பண்ணுவார்கள். (பிள்ளைகளைப் பரீட்சைக்கு மட்டும் தயார்படுத்துகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.) பவுலுக்கு அடுத்த தலைமுறையில் வாழ்ந்த எபிக்டெட்டஸ் என்ற ஞானி, ஒலிம்பியாவில் ஜெயிக்க ஆசையா என்று கேட்டு ஒரு பட்டியல் போடுகிறார். சாப்பாடு அடுத்தவன் சொல்லுகிறபடி, பலகாரம் கிடையாது, வெயிலோ குளிரோ குறித்த நேரத்தில் பயிற்சி, நினைத்தபோது தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. அதற்குப் பிறகு கை பிசகும், கால் சுளுக்கும், வாயில் மண் போகும், சவுக்கடியும் விழும். இத்தனைக்கும் கடைசியில் தோற்றும் போவாய் என்கிறார்! நாம் உபவாச ஜெபத்தன்று பதினொரு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

சவுக்கடி என்றது விளையாட்டுப் பேச்சு அல்ல. முந்திக்கொண்டு கிளம்பினவனுக்கு நிஜமாகவே அடி விழும். இஸ்த்மியாவின் பழைய மைதானத்தில், பவுலுக்குப் பல நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு கல்தளம் இன்றைக்கும் இருக்கிறது. 16 பேர் நிற்க இடம், ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஒரு தடுப்புக் கட்டை. பின்னால் ஒரு குழி. குழிக்குள் நிற்கிறவன் கையில் எல்லாக் கயிறும் இருக்கும். அவன் கயிறை விட்டால் எல்லாக் கட்டையும் ஒரேயடியாய் விழும். கயிறு ஓடின பள்ளங்கள் கல்லில் அப்படியே தெரிகின்றன. ஒருவனும் குறுக்கு வழியில் ஜெயிக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஒலிம்பியாவிலோ, லஞ்சம் கொடுத்து ஜெயித்தவர்களிடம் அபராதம் வாங்கி, அந்தப் பணத்தில் வெண்கலச் சிலைகள் செய்து, மைதானத்துக்குள் போகிற வழியிலேயே நிறுத்தினார்கள். கி.மு. 388-ல் யூபோலஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்துப் பிடிபட்டதில் ஆரம்பித்தது அது. ஓடப்போகிற ஒவ்வொருவனும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

இப்போது 27-ம் வசனத்துக்கு வாருங்கள். இங்கேதான் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. சரீரத்தை ஒடுக்குவதைப் பற்றிப் பவுல் சொல்லுகிற மூலபாஷைச் சொல், குத்துச்சண்டைக்காரன் எதிராளியின் கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கிற சொல். கிரேக்கக் குத்துச்சண்டையில் சுற்றுக் கணக்கு கிடையாது, இடைவேளை கிடையாது. ஒருவன் விழுகிற வரைக்கும் அல்லது தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளுகிற வரைக்கும் அடி. அந்தக் கையைப் பவுல் தன்மேலேயே ஓங்குகிறார். பிசாசை அல்ல, சபையில் தனக்குப் பிடிக்காதவனை அல்ல, தன்னுடைய இச்சையைக் குத்துகிறார்.

ஏன் என்றும் சொல்லுகிறார். "பிரசங்கம்" என்று அவர் வைக்கிற சொல் கட்டியக்காரனுடைய சொல். தானியேல் 3:4-ல் வருகிறானே, அந்தக் கட்டியக்காரன். பந்தயத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவனும், ஜெயித்தவன் பேரை அறிவிக்கிறவனும் அவன்தான். மற்றவர்களையெல்லாம் பந்தயத்துக்கு அழைத்துவிட்டு, கடைசியில் தன்னையே தகுதியில்லாதவன் என்று தள்ளிவிடுவார்களோ என்று பவுல் பயப்படுகிறார். அப்போஸ்தலனுக்கே அந்தப் பயம்! மைக் பிடிக்கிற நமக்கு, பாடல் நடத்துகிறவர்களுக்கு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு அது இருக்கிறதா?

இதை யாருக்கு எழுதினார் என்பதையும் மறந்துபோகாதீர்கள். வரங்களில் குறைவில்லாத சபை அது (1:7). அந்நியபாஷை உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு. "அபிஷேகம் பெற்றாச்சு, இனி என்ன" என்கிற நினைப்பு அவர்களுக்கும் இருந்தது. அதனால்தான் 10-ம் அதிகாரம் உடனே வனாந்தரத்துக்குப் போகிறது. முதல் நாலு வசனத்தில் "எல்லாரும்" என்ற சொல் மூலத்தில் ஐந்து தரம் வருகிறது. எல்லாரும் மேகத்தின் கீழ், எல்லாரும் சமுத்திரத்தின் வழியாய். எண்ணாகமத்தில் எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். அவர்களில் கானானுக்குள் போனவர்கள் யோசுவாவும் காலேபும் மாத்திரமே. ஆகாதவன் என்றால் பலன் மட்டும்தான் போகும், வேறொன்றும் ஆகாது என்று சிலர் போதிக்கிறார்கள். இந்த இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துப் படித்த பிறகு, அப்படி உங்களுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக 2 தீமோத்தேயு 2:5-ஐயும் பாருங்கள். சட்டப்படி போராடாதவனுக்கு முடி இல்லை என்று ரோமாபுரிச் சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார். நீரோ ராயன் காலத்தில்தான் அவர் இரத்தசாட்சியாய் மரித்தார் என்று ஆதிச் சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே நீரோ, 65-ல் நடக்கவேண்டிய ஒலிம்பியா விளையாட்டைத் தனக்காக 67-க்குத் தள்ளிவைத்து, பத்துக் குதிரை பூட்டிய ரதத்தில் ஏறினான். பாதியில் ரதத்திலிருந்து விழுந்தான். தூக்கி ஏற்றிவிட்டும் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஆனாலும் கிரீடம் அவனுக்குத்தான் என்று நியாயாதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுக்கு நல்ல பணமும் கிடைத்தது. மறு வருஷம் நீரோ செத்தான். அடுத்து வந்த கல்பா அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினான். ஒலிம்பியாவைச் சேர்ந்தவர்களோ அந்த வருஷத்துப் பந்தயத்தையே தங்கள் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் எபிரெயர் 12:1-3. பந்தயச் சாலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அந்தச் சாட்சிகள் யார் என்று 11-ம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாருங்கள்.