ஒரு செய்தி எத்தனை பேருக்குத் தொற்றும்?

“நாளை காலைக்குள் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படமெடுத்து அனுப்பினால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயர் வரும்.” வல்வெட்டித்துறைக்குத் திரும்பியதும் உங்கள் வட்ஸ்அப்பிற்கும் இப்படியொன்று வரலாம். அனுப்பியவர் பெரும்பாலும் மச்சானோ சித்தியோதான். அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

இது பரவும் விதம் தொற்றுநோய்க் கணக்கிற்குள் அடங்கும். கெர்மாக், மக்கென்ட்ரிக் என்ற இருவர் 1927இல் மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: நோய் இன்னும் தொற்றாதவர், தொற்றிப் பரப்புபவர், இனிப் பரப்பாதவர். 1964இல் டேலி, கெண்டல் ஆகியோர் வதந்தியையும் அவ்வாறே பிரித்தார்கள்: கேள்விப்படாதவர், சொல்பவர், கேட்டும் சொல்லாதவர். ஒரு வித்தியாசம் உண்டு. காய்ச்சல் தானாக மாறும். வதந்தி சொல்பவரோ, “அது பழைய கதை” என்று யாராவது சொல்லும்போதுதான் ஓய்கிறார்.

ஒருவர் மூவருக்கு அனுப்ப, அந்த மூவரும் மும்மூன்று பேருக்கு அனுப்பினால், பத்தாவது சுற்றில் மட்டும் 59,049 பேருக்குப் போகும். பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் அனுப்பாமல் விட்டால்? ஒருவரிடமிருந்து சராசரியாக 0.9 பேர்தான் பரப்புவோராகிறார்கள். ஒன்றுக்குக் கீழே வந்ததும் வதந்தி அடங்கத் தொடங்கும். எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. தடுப்பூசியும் இப்படித்தான் வேலை செய்கிறது. வட்ஸ்அப் நிறுவனம் 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியதும், அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது.

இது வெறும் கணக்கல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பரிசோதனை சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

திரும்பி வருகிற உங்களுக்கு இதில் இரட்டைப் பங்கு. ஊரில் இப்போது யார் எந்த அலுவலகத்தில் என்று தெரியாததால் எளிதில் தொற்றும். அதோடு முகாம் குழு, ஊர்க் குழு, வெளிநாட்டு உறவினர் குழு என்று எல்லாவற்றிலும் இருப்பதும் நீங்கள்தான். இங்கிருந்து நீங்கள் அனுப்பும் ஒரு வரியை நம்பி, தமிழ்நாட்டு முகாமில் ஒரு குடும்பம் படகேறுவதா இல்லையா என்று முடிவெடுக்கலாம்.

காணி, வீடு, உதவிப் பணம் பற்றிய செய்தி வந்தால் முதலில் கிராம அலுவலரிடம் அல்லது பருத்தித்துறைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதுவரை அடையாள அட்டைப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். சூறாவளி, சுனாமி என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இற்கு அழையுங்கள். ஆனால் நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ யாரையும் கேட்டு நிற்காமல், பிள்ளைகளுடன் உடனே கரையை விட்டு உள்ளே போய்விடுங்கள்.