இனிப்பு உண்டால் பல் கூசுவது ஏன்?



மிட்டாயைக் கடிக்கும்பொழுதும் ஐஸ் கச்சாங் உண்ணும்பொழுதும் நம்மில் சிலருக்குப் பல் சுரீரெனக் கூசுகிறது. உடனே அதனை வாயின் மறுபக்கத்திற்கு ஒதுக்கிவிட்டு, வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். ஆனால், கூச்சம் என்பது பல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கையாகும். அதனை மறைப்பது, கூரையில் புகை எழக் கண்டும் வாளாவிருப்பதற்கு ஒப்பாகும்.

பல்லின் மேற்புறத்தைப் பற்சிப்பி மூடியுள்ளது. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதன் அடியில் உள்ள தந்தினி என்னும் பகுதியில், கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் நீர்மம் நிரம்பியிருக்கும். பற்சிப்பி அரிக்கப்பட்டால் தந்தினி வெளிப்படுகிறது. அடர்ந்த சீனிக் கரைசல் அங்குப் பட்டதும், குழாய்களில் உள்ள நீர்மத்தை வெளியே இழுக்கிறது. அவ்வசைவை நரம்பு உணர்கிறது. அதுவே கூச்சம்.

பற்சிப்பியை அரிப்பது எது? வாயில் வாழும் கிருமிகள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலமே பற்சிப்பியைக் கரைக்கிறது. உண்டு முடித்த ஏறத்தாழ அரைமணி நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துவிடும். ஆனால், நாள் முழுவதும் மிட்டாய் சப்புவோர் வாயில் உமிழ்நீருக்கு ஓய்வேது? எவ்வளவு உண்கிறோம் என்பதோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சிலர் எண்ணுவர். ஏறத்தாழ 6 வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் 4 கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், இவற்றையும் பாற்பற்கள் என மயங்குகிறோம். இவை நிலையான பற்கள். போனால் மீண்டும் முளைக்கமாட்டா.

நாம் செய்ய வேண்டுவன:

1. காலையிலும் உறங்கப் போகுமுன்பும் புளோரைடு கலந்த பற்பசையால் 2 நிமிடம் மென்மையாகத் துலக்குக.
2. துலக்கிய பின் நுரையை உமிழ்ந்தால் போதும். பலமுறை கொப்பளித்தால் புளோரைடும் போய்விடும்.
3. கரித்தூள், செங்கல் தூள் கொண்டு தேய்க்காதீர். அவை பற்சிப்பியைத் தேய்த்துவிடும்.
4. இனிப்பை உணவு வேளையோடு உண்டு, பின் நீர் அருந்துக. இடைவேளைகளில் வெறும் நீரே நன்று.
5. பல் கூசினால் அன்றே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுக.

தொடக்க நிலை அரிப்பைப் புளோரைடு தடுத்து நிறுத்தக்கூடும். சிறு குழியை அடைத்துப் பல்லைக் காக்கலாம். இனிப்பு உண்ணாதபொழுதும் வலி எழுந்தால், இரவில் உறக்கம் கெட்டால், அரிப்பு நரம்பை எட்டியிருக்கலாம். காலந்தாழ்த்தியவர்க்கே பல்லைப் பிடுங்கும் நிலை பெரும்பாலும் நேர்கிறது.

பினாங்கில் 1949-இல் பள்ளிப் பல் தாதியர்க்கான பயிற்சி தொடங்கியது. அந்நாள் முதல் நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் பணி தொடர்ந்து வருகிறது. ஆகவே, பல் சிகிச்சைக் குழுவினர் பள்ளிக்கு வரும் நாளில் ஒளியாதீர். வாய் திறந்து காட்டுவீர். பல் போனால் சொல் போகும் என்பதை மறவாது, கூச்சத்தைக் கூறக் கூச்சப்படாதிருப்போமாக!