4294967297: ஐந்து முறை சரி, ஆறாவது முறை?



போன மாதம் ஞாயிறு வகுப்பில் படிவம் 4 பிள்ளைகளுக்குப் பகா எண் சொல்லிக் கொடுத்தேன். 2ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4. அதை அதே எண்ணால் பெருக்கினால் 16. பிறகு 256, 65536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்க: 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். "அப்ப அடுத்ததும் பகா எண்தான்"னு நான் அடித்துச் சொல்லிவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, எத்தனை தடவை சரியா வந்தா நம்பலாம்?"

என்னிடம் பதில் இல்லை. 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் சின்ன நிரல் எழுதினேன். 65536ஐ 65536ஆல் பெருக்கி 1 கூட்டச் சொன்னால், விடை 1 என்று வந்தது! என்னடா இதுன்னு பார்த்தால், தப்பு என்னுடையது. நான் கொடுத்தது 32 பிட் இடம். அதில் 4294967295 வரைதான் அடங்கும். நமக்கு வேண்டிய எண் 4294967297. இரண்டே இரண்டு கூடிப்போச்சு. எண்ணி சுற்றி வந்து 1இல் நின்றது. பொறியியல் படிக்கிறவன் இதில் வழுக்கியது கொஞ்சம் வெட்கம்தான்.

எனக்கு ஓர் ஆறுதல். 1640இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சு மேதையும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண் என்றுதான் நம்பினார். 1732இல் ஆய்லர் அதை உடைத்தார்:

4294967297 = 641 × 6700417

சும்மா 2, 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் 641 என்பது 116ஆவது பகா எண். கையால் செய்தால் பொழுது விடிந்துவிடும். ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதம் 1தான் வரவேண்டும் என்று ஆய்லர் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொண்டது!

641 வகுக்கும் என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலே காட்டலாம். பென்சில் எடுங்க.

641 = 5 × 128 + 1. 128 என்பது ஏழு 2களின் பெருக்கம். ஆக, 5 × 128ஐ 641ஆல் வகுத்தால் மீதம் −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நான்கு முறை பெருக்கினால் மீதம் +1. அதாவது, நான்கு 5களையும் இருபத்தெட்டு 2களையும் பெருக்கினால் மீதம் 1.

இப்போ 641ஐ வேறு மாதிரி பாருங்க: 625 + 16. நான்கு 5களின் பெருக்கம் 625. நான்கு 2களின் பெருக்கம் 16. எனவே 625க்குப் பதிலாக −16 போடலாம். 28உடன் 4 சேர்ந்து முப்பத்திரண்டு 2கள் ஆகிவிட்டன, முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. அதன் மீதம் 1 என்றால், குறி இல்லாமல் மீதம் −1. அதோடு 1 கூட்டினால் 0. மீதமே இல்லை!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஒரே 641ஐ இரண்டு விதமாக உடைத்ததுதான்.

அடுத்த ஞாயிறு பலகையில் இதை எழுதிவிட்டு, "போன வாரம் அண்ணன் சொன்னது தப்பு" என்றேன். அந்தத் தங்கை சிரிக்கவில்லை. "அப்ப அதுக்கடுத்த எண்?" என்றாள்.

அதுவும் பகா எண் இல்லை. அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைத்ததில்லை. அவள் கேட்ட அந்த அடுத்த எண்ணுக்கு ஒரு காரணி 274177. அங்கே 64க்குப் பதில் 128ஆல் வகுத்தால் மீதம் 1 வரவேண்டும். வருகிறதா என்று நீங்களே வகுத்துப் பாருங்க.