பற்றவைப்பின் உறுதி

பூந்தமல்லிக்கு மேற்கே உள்ளது குத்தம்பாக்கம் என்னும் சிற்றூர். அதற்கு வடகிழக்கே ஆவடியும் அம்பத்தூரும் தொழில்வளம் மிக்க ஊர்களாய் விளங்குகின்றன. அவ்வட்டாரத்தில், வீட்டின் சன்னற்கம்பி முதல் ஆவடித் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கி வரை, எஃகினாலாகிய பொருள்கள் பலவற்றுக்கும் உறுதியளிப்பது பற்றவைப்புத் தொழிலாகும். மக்கள் இதனை வெல்டிங் என்று வழங்குவர்.

பண்டு எஃகுத் தகடுகளை இணைக்க வேண்டின், துளையிட்டு, காய்ச்சிய ரிவெட் ஆணிகளைச் செலுத்தி அடித்து இறுக்குவர். ஆணி தகடுகளை நெருக்கிப் பிடிக்குமேயன்றி ஒன்றாக்காது. பற்றவைப்போ, இரண்டின் விளிம்புகளையும் உருக்கி ஒரே உலோகமாக்கி விடுகிறது.

அஃது எவ்வாறு நிகழ்கிறது? மின்பொறியிலிருந்து வரும் இரு கம்பிகளுள் ஒன்று, இணைக்கவேண்டிய எஃகுடன் பொருத்தப்படும். மற்றொன்று தொழிலாளியின் கைப்பிடியில் முடியும். அப்பிடியில் வெல்டிங் ராடு என்னும் எஃகுக் கோல் செருகப்படும். தீக்குச்சியை உரசுவதுபோல் கோலின் நுனியை எஃகின்மீது உரசிச் சற்றே உயர்த்தினால், இடைவெளியில் மின்வில் தோன்றும். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். மின்வில்லின் வெப்பமோ அதனினும் மிகப் பெரிது. ஆதலின் விளிம்புகளும் கோலின் நுனியும் உருகி, சிறு குளம்போல் தேங்கிக் கலந்து, ஆறியதும் ஒன்றாக இறுகும்.

உருகிய எஃகைக் காற்று தீண்டினால் இணைப்பு நொய்ந்துவிடும். இக்குறையைப் போக்கக் கோலின்மேல் பூச்சிடும் முறையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் ஷெல்பெர்க் கண்டறிந்தார். பூச்சு எரிந்து வாயுவாகிக் காற்றை விலக்கும். எஞ்சிய பகுதி கசடாகி இணைப்பைப் போர்வைபோல் மூடும்.

இத்தொழிலுக்குக் கைந்நிதானம் இன்றியமையாதது. கோலுக்கும் எஃகுக்கும் இடையே ஏறத்தாழக் கோலின் பருமன் அளவே இடைவெளி இருத்தல் வேண்டும். விரைந்து நகர்த்தினால் இணைப்பு மெலியும். தயங்கி நின்றால் தகடு துளைபடும். மின்னோட்டம் குறைந்தால் உலோகம் மேலே படிந்து நிற்குமேயன்றி உட்புகாது. துருவும் எண்ணெயும் நீக்கப்படல் வேண்டும். கோல் ஈரமின்றி இருத்தல் வேண்டும். ஒரு வரிசையின் கசடைத் தட்டி நீக்காமல் மறுவரிசை இட்டால், கசடு உள்ளேயே புதைந்துவிடும். மின்வில்லின் ஒளி கண்ணைக் கெடுக்குமாதலால், கருங்கண்ணாடி பதித்த முகக்கவசமின்றி அதனை நோக்குதல் ஆகாது.

குறையுள்ள இணைப்பும் மேற்பார்வைக்கு அழகாகத் தோன்றலாம். அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. 1943 சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், புயலோ பேரலையோ இன்றி, நின்ற இடத்திலேயே நடுவில் பிளந்தது. குளிரில் எளிதில் முறியும் எஃகும், குறையுடைய பற்றவைப்பும் அதற்குக் காரணங்களாயின. ஆணியால் இணைத்த கப்பலாயின், வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றிருத்தல் கூடும். ஒரே உலோகமான உடலிலோ அது தடையின்றி ஓடிற்று. ஒன்றாதலே பற்றவைப்பின் வலிமை. ஓரிடத்துக் குறை முழுவதையும் கெடுத்தற்கு வழியாவதும் அதுவே.

சென்னைப் பெரம்பூரில் 1955 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு தொடங்கிவைத்த இரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றன் துணையுடன், பற்றவைத்த எஃகுப் பெட்டிகளை ஆக்கத் தொடங்கியது. அத்தகைய பெட்டிகளில் இரவெல்லாம் உறங்கிச் செல்லும் பயணிகள், அவற்றின் இணைப்புகளை ஆராய்ந்து பார்த்தவர் அல்லர். முகமறியாத் தொழிலாளியின் நேர்மையை நம்பியே உறங்குகின்றனர்.

கசடை நீக்க ஆகும் நேரம் சில நொடியே. எவரும் காணாவிடினும் அதனை நீக்கிவிட்டே அடுத்த வரிசையைத் தொடங்குபவன் எவனோ, அவனே சிறந்த தொழிலாளி ஆவான்.