ஒரு குழாய் கறுப்பு, ஒரு குழாய் பளபளப்பு

ஹைதராபாத்தின் அல்வால் பகுதி அடுக்ககங்களின் கீழ்த்தள பார்க்கிங்கில் பெரும்பாலோர் காரை ரிவர்ஸில் கொண்டுபோய்ச் சுவரை ஒட்டி நிறுத்துவார்கள். காலையில் சாவி போட்டதும் கிளம்பிவிடலாம். புகையின் தடம் சுவரில் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் முழங்காலுக்குக் கீழே ஒரு கரிவட்டம், நடுவில் மை போல, ஓரம் போகப் போகச் சாம்பல். எங்கள் அடுக்ககத்தில் இரட்டைக் குழாய் வைத்த டர்போ பெட்ரோல் செடான் ஒன்று நிற்கும் இடத்தில் வலப்பக்கம் மட்டும் இந்த வட்டம் அடர்ந்திருந்தது. இடப்பக்கம் சுவர் ஏறக்குறைய சுத்தம். குனிந்து பார்த்தால் குழாய்களும் அதையேதான் சொல்லின. வலது குழாயில் விரல் வைத்தால் ரேகை தெரியாத அளவுக்குக் கரி. இடது குழாயில் முகம் பார்க்கலாம்.

காரின் உரிமையாளர் மதுரைப் பக்கத்துக்காரர். போயின்பள்ளியில் வேலை. ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியபோது, "ஒரு பக்கத்து சிலிண்டர் சரியா எரியல, எக்ஸாஸ்ட் வால்வு பார்க்கணும், ஹெட்டைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்களாம். மனிதர் அன்றிரவு தூங்கவில்லை.

ஹெட்டைப் பிரிக்கும் முன் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் டர்போ இன்ஜினில் எல்லாப் புகையும் டர்போவுக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அங்கிருந்து ஒரே குழாயில் காரின் வயிற்றுக்கு அடியில் ஓடி, பின்னால் உள்ள சைலன்ஸர் டப்பாவில்தான் இரண்டாகப் பிரிகிறது. எந்த சிலிண்டர் கெட்டாலும் அந்தக் கரி இரண்டு பக்கமும்தான் போகும். ஆகவே இடம் வலம் என்று வித்தியாசம் தெரிந்தால் காரணம் பிரியும் இடத்துக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். இருபுறமும் தனித்தனிக் குழாய்கள் கடைசிவரை கலக்காமல் வரும் சில வி வடிவ இன்ஜின்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

அந்த செடானில் இடது குழாய்க்குள் டார்ச் அடித்ததும் விடை கிடைத்தது. உள்ளே ஒரு சாண் தள்ளி, வட்டமான தகடு ஒன்று குழாயை அடைத்தபடி நின்றது. அதன் அச்சு வெளியே வந்து ஒரு சிறிய மோட்டாரில் சேர்கிறது. இதுதான் எக்ஸாஸ்ட் ஃபிளாப். இதையும் பலர் எக்ஸாஸ்ட் வால்வு என்றே சொல்வதால் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு இன்ஜினுக்குள் இருக்கும் வால்வுக்குப் போய்விடுகிறது. இந்தத் தகட்டுக்கு அதோடு எந்த உறவும் இல்லை. இதன் வேலை சத்தத்தைக் கட்டுப்படுத்துவது. ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் மூடிக்கொண்டு புகை முழுவதையும் மறுபக்கம் அனுப்பும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினாலோ திறந்து உறுமலை வெளியே விடும். மேலைநாடுகளில் 2018 ஃபோர்டு மஸ்டாங்குக்கு, அதிகாலையில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாதபடி அமைதியாக ஸ்டார்ட் ஆகும் வசதியே இந்த வால்வை வைத்துத்தான் கொடுத்தார்கள்.

இப்போது கரிக்கு வருவோம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில், அதாவது ஹூண்டாயின் டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, மாருதியின் பூஸ்டர்ஜெட் போன்றவற்றில், பிஸ்டன் தலையில் ஈரப் படலமாகப் படிந்த பெட்ரோல் பாதி வெந்து கரியாகும். கூடவே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடேறாத குழாயில் அந்த நீராவி துளியாகி, கரியைக் குழைத்து முனையில் பூசிவிடும். டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஹைதராபாத்தில் இது அதிகம்.

இந்த நேரத்தில் அந்த செடானில் திறந்திருப்பது வலது குழாய் மட்டும். காலைக் குளிரின் கரி மொத்தமும் அதற்கே. ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையில் லோத்குண்டா, திருமலகிரி என்று நெரிசலில் ஊரும்போதும் அதே கதைதான். ஷாமீர்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறிய பிறகுதான் இடது குழாய்க்கு வேலை வருகிறது. அப்போது வரும் புகை சூடானது, வறண்டது, வேகமானது. ஒட்டுவதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. எல்லாக் கார்களிலும் இதே ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. சிலவற்றில் ஸ்டார்ட் செய்ததும் ஃபிளாப் சிறிது நேரம் திறந்திருக்கும். நான்கு முனை உள்ள கார்களில் உள்முனை வெளிமுனை என்று வேறுபடும்.

டார்ச்சுக்கு எட்டாத குழாயானால் காகிதத் துண்டு ஒன்றை நீளக் குச்சியில் கட்டி, ஐடிலில் ஒவ்வொரு முனைக்கும் பின்னால் பிடித்துப் பார்க்கலாம். ஒன்றில் படபடக்கும், மற்றதில் சும்மா தொங்கும். ஸ்போர்ட் மோடில் இரண்டிலும் ஆடினால் ஃபிளாப் நன்றாக வேலை செய்கிறது. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய பார்க்கிங்கில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கறுப்பு என்றாலே கோளாறு என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பழைய அனுபவசாலிகள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் நன்றாக எரியும் காரின் குழாய் வெளிர் சாம்பலாக இருந்தது. அந்த நிறத்தைத் தந்ததே ஈயம். இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயமில்லாப் பெட்ரோல்தான். அந்த நிறத்தை இன்றைய காரில் தேடுவதில் பயனில்லை. 2020 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பிஎஸ்6 விதிகூட நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம் துகளை அனுமதிக்கிறது. எண்ணிக்கையில் 60,000 கோடி. சட்டத்துக்கு உட்பட்ட கார்கூட சில மாதங்களில் குரோம் முனையைக் கறுப்பாக்கிவிடும்.

கவலைப்பட வேண்டிய கறுப்பு வேறு. துணியால் துடைத்தால் பொடியாக வராமல் பிசுக்காக, எண்ணெய் மினுமினுப்போடு வந்தால், இரவு முழுக்க நின்ற கார் காலையில் நீலப் புகை கக்கினால், இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது. வால்வு சீல், பிஸ்டன் ரிங், டர்போ என்று தேடலாம். இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் கசிகிறது. இந்த இரண்டுக்கும் ஒர்க்‌ஷாப் போவதில் தாமதம் கூடாது.

பளிச்சென்ற குழாய் நற்சான்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடி வெளிவந்தபோது சிக்கியவற்றில் பல கார்களில் துகள் வடிகட்டி இருந்தது. கரி வெளியே வராது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகளோ அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரை வந்தன. நம்மூர்ப் பொல்யூஷன் பரிசோதனையும் பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்ற வாயுக்களைத்தான் பார்க்கிறது. கரியை அளப்பதில்லை. இன்னொன்று, இன்றைய கார்கள் பலவற்றில் பம்பரில் தெரியும் பளபள முனை வெறும் அலங்காரம். உண்மையான குழாய் உள்ளே தரையைப் பார்த்து வளைந்திருக்கும். அந்தப் பளபள முனையில் கரி படியாததில் வியப்பில்லை.

சுத்தம் செய்ய, குழாய் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கார் ஷாம்பூவில் ஊறவைத்து ஈரத் துணியால் துடைத்தால் வாராவாரக் கரி போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டக் கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகிறது. டீசல் கார் என்றால் இன்னும் கவனம் தேவை: டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. கையுறையும் மாஸ்கும் போட்டுக்கொள்வதே நல்லது. இறுகிய கரிக்கு ஸ்டெயின்லெஸ் முனையானால் மெட்டல் பாலிஷ் போதும். கறுப்பு பெயின்ட் அடித்த முனையில் அதைத் தொடவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் குரோமைக் கீறிவிடும். கழிப்பறை ஆசிட் ஊற்றிப் பார்த்தவர்களின் முனைகளில் புள்ளி புள்ளியாக அரித்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஃபிளாப் உள்ள கார்களில் நான் கவலைப்படுவது வித்தியாசம் மறையும்போதுதான். எப்போதும் ஒரு பக்கமே கறுத்துவந்த கார் திடீரென்று இரண்டு பக்கமும் கறுக்கத் தொடங்கி, மெதுவாகப் போகும்போது உள்ளே ஒரு ரீங்காரமும் கேட்டால், ஃபிளாப் திறந்தே நின்றுவிட்டது என்று பொருள். வாக்குவம் குழாயால் இயங்குபவற்றில் பெரும்பாலும் குழாய் கழன்றிருக்கும் அல்லது வெடித்திருக்கும். மோட்டாரால் இயங்குபவற்றில் அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். நகரத்துக்குள்ளேயே மெதுவாக ஓடும் கார் என்றால் வாரம் ஒருமுறை ஸ்போர்ட் மோடில் போட்டுத் தகட்டை அசையவிடுவது நல்லது. கெட்டுப்போனால், சைலன்ஸர் முழு செட்டுக்கு எஸ்டிமேட் எழுதும் முன் மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பார்ட்ஸ் கவுன்ட்டரில் கேட்டுவிட வேண்டும்.