ஒரே விஞ்ஞான பாடம், மூன்று படிகள்

சிறு கிராமங்களின் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஓரிரு உபாத்தியாயர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்த வேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டும் குழந்தையும் சரளமாக வாசிக்கும் சிறுவனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றனர். இந்நிலையில் விஞ்ஞான வாசகம் ஒன்றை உரக்க வாசித்து முடித்தால், சிலருக்கே அது பயன்படும். ஆயின் விஷயத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. அதை அடையும் படிகளையே வகுக்க வேண்டும். கொசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரத்தை உதாரணமாகக் கொள்வோம்.

முதலாவது, காண்பித்தல். குட்டைத் தண்ணீரைக் கூத்தாடிப் புழுக்களுடன் கண்ணாடிச் சீசாவில் எடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைக்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் நாள்தோறும் அதைப் பார்த்து, கண்டதைச் சொல்லுக. வாசிப்பில் பின்தங்கியவன் பார்வையில் முந்தி நிற்பதுண்டு. பாடம் முடிந்ததும் கொசு வெளிப்படுமுன் தண்ணீரை உலர்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, சொற்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்னும் நான்கையும் பலகையில் எழுதி, சீசாவிற் கண்டவற்றோடு பொருத்திக் காட்டுக.

மூன்றாவது, வாசிப்பு. சிறு வகுப்பார் நான்கு நிலைகளையும் படமாக வரைந்து பெயரெழுதலாம். நடு வகுப்பார், உபாத்தியாயர் மாற்றி எழுதிய சிறு வாக்கியங்களை வாசித்து வரிசைப்படுத்தலாம். மேல் வகுப்பார் பிரசுரம் முழுவதையும் வாசிக்கலாம். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் வைத்தியர், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட வரலாற்றையும் அவர்கள் அறியலாம்.

முடிவில் கேட்கும் கேள்வி யாவருக்கும் பொதுவாக இருத்தல் நலம்: தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவினால் கொசு குறைவதேன்? முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் செல்லும். அதற்குள் தண்ணீர் போய்விட்டால் புழு பிழைப்பதில்லை. சீசாவைப் பார்த்து நாள் எண்ணிய குழந்தை இவ்விடையைத் தானே சொல்லும்.

உபாத்தியாயர் ஒன்றை மறத்தலாகாது. குழந்தையை ஒரு படியில் அமர்த்துவது அன்றைய பாடத்துக்கு மட்டுமே. "இவன் கீழ்ப்படிக்காரன்" என்று நிலையாக முத்திரையிட்டால் அவன் ஏறவே மாட்டான்.

இதில் சங்க அங்கத்தினர்களுக்கு என்ன சம்பந்தம் எனலாம். நடவு காலத்திலோ அறுப்புக் காலத்திலோ காய்ச்சல் கண்டு படுத்தவருக்குக் கூலி நஷ்டம். கூலி நின்றால் கடன் தவணையும் தவறும். ஆதலின் இப்பாடம் சங்கத்தின் காரியமுமாகும். சங்கத்துக்கு வரும் பிரசுரங்களைப் பீரோவில் கட்டி வையாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புக. துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நன்மை நிதியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் சில சீசாக்களும் வாங்கித் தருக. அடுத்த கூட்டத்தில் மேல் வகுப்புச் சிறுவர் பிரசுரத்தை வாசிக்க, வாசிக்கத் தெரியாத அங்கத்தினர்களும் கேட்டுப் பயனடைவர்.